மணப்பெண்ணின் கன்னத்தில் வெள்ளைக் கோடு

ஜூலை 12, சனி

கச்சான் காற்று. வாய்க்குள்ளும் மண்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இந்தப் புத்தகத்தில் மட்டும். பிலிமை வெளிச்சம் படாமல் கழுவும் பேணிக்குள், மூடி போட்ட டப்பாவுக்குள், போடுவதற்கு என்னிடம் கட்டாரிலிருந்து வந்த விசேஷப் பை இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒரு பை இல்லை. என் பழைய அபாயாதான். கீழ்ப்பக்கத்தைச் சுருட்டி, கழுத்தை உடுப்புக் கிளிப்பால் இறுக்கி, சட்டைக்கை வழியாகக் கை இரண்டையும் விட்டால் உள்ளே கபுறுக்குழி மாதிரி இருட்டு. ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

இன்று கழுவியது நசீமா மகள் சப்னாவின் மருதோண்டி வீட்டுப் படங்கள். இரண்டு சுருள். நெகடிவில் சரிவாகக் கறுப்புக் கோடுகள். தாளில் போட்டால் வெள்ளையாக வருகிறது, பால் ஊற்றிய மாதிரி. மூன்று படத்தில் பெண்ணின் கன்னத்தில். ஒன்றில் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மீசை. அது மட்டும் நல்ல படம்.

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் போன் கிடையாது. வாசலில் சுளகு வைத்து எல்லாருடைய போனையும் வாங்கி அறைக்குள் பூட்டிவிட்டார்கள், படம் ஊர் சுற்றக் கூடாது என்று. அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவது. பெண் எடுத்து, பெண்ணே கழுவி, நெகடிவோடு தாய் கையில் கொடுப்பது. ஆகவே சப்னாவின் படம் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

மருதமுனைக்கு, நசீமாவுக்குக் கோல் எடுத்தேன்.

"படத்தில கோடு விழுந்திரிக்கி."

"என்ன கோடு?"

"வெள்ளக் கோடு. மகள் வடிவாத்தான் இரிக்கா, கோட்டுக்குப் பின்னால."

"பகிடி விடாத கா. மாப்பிள அடுத்த ஞாயிறு கட்டாருக்குப் போறார். படத்தக் கையில கொண்டு போகத்தான் பாத்துக்கிட்டு இரிக்கார்."

முடிவு: வியாழன் அதே உடுப்போடு திரும்ப எடுப்பது. அதற்குப் பிறகு என்றால் மருதோண்டி மங்கிவிடும். என்னிடம் மிச்சம் ஒரே ஒரு சுருள். கொழும்பிலிருந்து வேறு வர இரண்டு கிழமை. கோடு எப்படி வந்தது என்று வியாழனுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அதுவும் நாசம்.

ஜூலை 13, ஞாயிறு

சந்தேகங்கள்:

– லென்ஸில் வெயில். இல்லை. கோடு படச் சட்டத்தைத் தாண்டி, பிலிம் ஓரத்து ஓட்டைகள் வரை ஓடுகிறது. லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் சட்டத்துக்குள்தான் நிற்கும்.
– பிலிம் பழசு. அப்படியென்றால் முழுக்க மங்கும். கோடு போடாது.
– யாரோ கமராவின் பின்கதவைத் திறந்தது.

யாரோ என்றால் யார். நான் வட்டிலாப்பம் சாப்பிடப் போனபோது கமராவை மச்சியிடம் கொடுத்தேன். இவர், என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, பக்கத்து வளவு, கலியாண வீடுகளில் என் பையைத் தூக்குபவள். பெயர் எழுதமாட்டேன், ர. என்று மட்டும். புத்தகம் கையில் அகப்பட்டாலும் விளங்காது. ரமீஸாவுக்கு அவ்வளவு மூளை இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள்.

"என்ன மச்சி, முகம் நோன்பு துறக்காத மாதிரி இரிக்கி?"

"அண்டைக்கு கமராவ என்ன செஞ்ச?"

"மடியில வெச்சிரிந்தன்."

"சும்மாவா?"

"இல்ல, தாலாட்டுப் பாடினன்."

கேட்ட கேள்விக்குப் பகிடி விடுகிறாள். நானும் அப்படித்தான், ஏதாவது மறைக்கும்போது.

ஜூலை 14, திங்கள்

பொறி வைத்தேன். கமராக் கதவு இடுக்கில் கறுப்பு நூல் ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டி, "கொஞ்சம் வெச்சிரு, மீன் வாங்கிட்டு வாறன்" என்று ர. கையில் கொடுத்தேன். திரும்பி வந்தால் நூல் இல்லை.

"மச்சி, இதில நூலொண்டு ஒட்டிக் கிடந்த. துடைச்சி வெச்சன். இப்பிடி ஊத்தையா வெச்சிரிக்காதங்க."

ஒன்று கள்ளி, இல்லாவிட்டால் சுத்தக்காரி. இரண்டுக்கும் நூல் விழும்.

வாங்கினது சூடை மீன். யோசனையில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். இவர் தண்ணீர் மூன்று கோப்பை குடித்தார்.

ஜூலை 15, செவ்வாய்

நசீமா கோல். "கண்டுபிடிச்சயா?"

"ஆரோ கமராவத் திறந்த மாதிரி இரிக்கி."

"ஆர்?"

வாயை மூடியிருக்கலாம். "ரமீஸாட கையிலதான் இரிந்த."

"அப்ப வியாழக்கிழம அவ வர வேணாம்."

ஓம் என்றேன்.

ஜூலை 16, புதன்

கமராவைச் சரிபார்க்காமல் புது பிலிமைப் போட ஏலாது. படத்தாளில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்று கமராவுக்குள், கதவை மூடி மதிலில் வெயிலுக்கு வைத்தேன். மற்றது அபாயாவுக்குள், பேணி இருக்கும் இடத்தில். அதையும் வெயிலில். பிறகு குளியலறையைப் பூட்டி, சிவப்பு பல்பைப் போட்டு இரண்டையும் கழுவினேன்.

வெளியே இவர். "முடியுமா, கக்கூசுக்கு நான் கடைத்தெருப் பள்ளிவாசலுக்கே போகட்டா?"

"போங்க."

கமராத் தாள் சுத்தம். அபாயாத் தாள் மெதுவாகப் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. சரிவாக. பிறகு வளைந்து. ஒரு கொடி, ஐந்து இலை, நுனியில் ஒரு பூ.

இந்தக் கொடியை எனக்குத் தெரியும். பழைய அபாயாவின் நெஞ்சில் இருந்த கல்லுவேலை. சப்னாவின் கலியாணத்துக்கு முந்தின கிழமை அந்தக் கற்களைப் பிடுங்கிப் புது அபாயாவில் தைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும் என்று. ஊசி போன ஓட்டை எல்லாம் பழையதில் அப்படியே. அவர்கள் பார்த்தார்களோ தெரியாது, வெயில் பார்த்திருக்கிறது.

இன்னொன்றும் இப்போதுதான் யோசித்தேன். ர. கையில் கமரா இருந்தது முதல் சுருளுக்கு மட்டும். கோடு இரண்டிலும். நான்கு நாளாக இது எனக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்று எழுதினால் சரி.

நசீமாவுக்கு: "ரமீஸா இல்ல. பையிலதான் ஓட்ட."

"கட்டார்ப் பையா?"

"ஓம். இப்ப வாற சாமான் முந்தி மாதிரி இல்ல."

ர.வுக்கு ஒரு கோப்பை வட்டிலாப்பம் கொடுத்தேன். என்னத்துக்கு என்று கேட்டாள். கூடிப்போயிற்று என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஓட்டைகளுக்கு மேல் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாக. நசீமா வீட்டில் எல்லாம் திரும்ப எடுத்தோம். மருதோண்டி கொஞ்சம் வெளிறல், கறுப்பு வெள்ளையில் தெரியாது. ர. சப்னாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியில், மெதுவாக:

"நான் கமராவத் திறந்தெண்டு நசீமா ராத்தாட்ட சொன்னீங்களாம்."

நான் கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தை.

திரும்பி வந்து ர. தேத்தண்ணி குடிக்க வரவில்லை. பகிடி ஒன்று சொன்னேன், வாசல் கதவைச் சாத்தினாள்.

கழுவிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. மாப்பிள்ளையின் உம்மா மீசை இல்லாமலே வந்திருக்கிறா.

இனிக் கிளிப் வேண்டாம், இருட்டு அபாயாவின் கழுத்தை ஒரேயடியாக மூடிவிடுவோம் என்று, ஆணியில் உள்பக்கம் திருப்பிக் கிடந்ததை எடுத்துத் தைத்தேன். இரட்டை நூல்.

ஜூலை 19, சனி

படங்களைக் கொண்டுபோக நசீமாவின் வேன் வாசலில் ஹோர்ன் அடித்தது. புது அபாயாவைத் தலையில் போட்டு இழுத்தேன். கை இரண்டும் வெளியே வந்தது. தலை வரவில்லை.

கற்களுக்குப் பழுது வரக்கூடாது என்று புதியதையும் உள்பக்கம் திருப்பித்தான் தொங்கவிட்டிருந்தேன். வியாழன் தைத்தது இதை. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நல்ல தையல்.

இவர் சந்தையில். சத்தம் போட்டேன். ர.வின் செருப்புச் சத்தம் வந்தது, நின்றது.

"மச்சி, இதயும் நானா செஞ்ச?"

"இல்ல," என்றேன் உள்ளேயிருந்து. "நான்தான். அந்தக் கோடும் நான்தான். கட்டார்ப் பையெண்டு ஒண்டும் இல்ல. என்ட பழைய அபாயாதான்."

"அது எனக்குத் தெரியும். கொடியில காயப் போடுறது நான்தானே."

கத்தரிக்கோல் எடுக்கப் போனாள். அது தையல் பெட்டியில், இரண்டு எட்டுத்தான். வர நல்லாச் சுணங்கினாள். வேன் மூன்று தரம் ஹோர்ன் அடித்தது.

கழுத்தை வெட்டினாள். கல் பதினொன்று உதிர்ந்தது. அகப்பட்டது ஒன்பது.