தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றவள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நகரத்தை வளைத்துக்கொண்ட படைகள் இன்னும் நகரவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, கடைகளில் ஒன்றும் இல்லை.

கல்லூரியில் பேசுவதற்காக ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். இத்தனை மூளை இருப்பதால் மனித இனம் நெடுங்காலம் பிழைக்குமா, அதனாலேயே அழியுமா என்று. முதலைகளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நீ, உன் கருத்தைச் சொல் என்று கிண்டல் வேறு. உங்கள் மாப்பிள்ளை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "முதலைக்கு மூளை கட்டைவிரல் அளவுதான். நம்ம ஆளுங்க போன பிறகும் அது இருக்கும்னு எழுது" என்றார்.

எழுதுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. காலையில் நாங்கள் வேலை பார்க்கும் மிருகக்காட்சிசாலையின் பின்சுவரில் குண்டு விழுந்தது. புகை அடங்குவதற்குள் ஆட்கள் நுழைந்தார்கள். எல்லாம் நம் தெருக்காரர்கள். கையில் கோடரி, அரிவாள், சமையல் கத்தி. முன்னால் வந்தவர் எங்கள் கீழ்வீட்டுக் கறிக்கடைக்காரர். "டாக்டர், பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. வழிய விடுங்க" என்றார். உங்கள் மாப்பிள்ளை மறுக்கவில்லை. தான் வைத்தியம் பார்த்த மான்களைத் தானே திறந்துவிட்டார். கண்ணெதிரே கழுத்தறுத்தார்கள். ரத்தத்தில் வழுக்கி விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் தொடைக்கறிக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். எங்கள் தபால்காரரின் காது அறுந்து தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, கறியை விடவும் இல்லை.

அப்போதுதான் மகாராணி வெளியே வந்தாள். எங்கள் வயதான மனிதக்குரங்கு. நான் தாழ்ப்பாள் போடுவதைப் பார்த்துப் பார்த்து, குச்சியை நுழைத்துத் திறக்கக் கற்றிருந்தாள். மற்றக் குரங்குகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. முதலைகள் சேற்றுக்குள் போய்விட்டன, மூக்குகூட வெளியே தெரியவில்லை. இவள் மட்டும் புத்திசாலி. சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக் கூட்டத்தின் நடுவே வந்து கையை நீட்டினாள். கறிக்கடைக்காரர் அந்தக் கையை வெட்டினார்.

இவர் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, அவள விட்டுருங்கய்யா!" என்று கத்தினார். அடுத்த வெட்டு இவர் கழுத்தில் இறங்கியது. வேண்டுமென்றே வெட்டினாரா, ஓங்கிய கை நிற்கவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்க நான் நிற்கவில்லை. கூண்டை நெம்பும் கடப்பாரை என்னிடம் இருந்தது. பிழைக்காத மிருகம் துடிக்காமல் போக எங்கே அடிக்க வேண்டும் என்று இவர்தான் எனக்குச் சொல்லித் தந்தவர். ஒரே அடியில் கறிக்கடைக்காரரின் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை அண்ணா. முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தேன். வயிறு நிறைந்த முதலை வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அப்படி நிறுத்தத் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கறியோடு ஓடியவர்களில் சிலர் திரும்பி வந்து குழி தோண்டினார்கள். இவரையும் கறிக்கடைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தோம். மகாராணியை யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் கறிக்கடைக்காரரின் மனைவி மாடியேறி வந்தாள். கொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்து விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சட்டியில் வேகவைத்த கறி கொண்டு வந்திருந்தாள். அதை வைத்துவிட்டு, மூலையில் விறைத்துக் கிடந்த என் துணிகளை எடுத்து வாளியில் போட்டுக் கசக்கினாள். தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது. "இதுல எது யாரோடதுன்னு தெரியலக்கா" என்றாள். பிழிந்து, உதறி, காயப்போட்டாள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

எல்லை தாண்டி வர எங்கள் இருவருக்கும் அழைப்பு அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். இப்போது நான்கு பேர்: நான், அவள், அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள். உறவு என்ன என்று கேட்டால் என் தங்கை என்று எழுதுங்கள். அண்ணியிடமும் அப்படியே சொல்லுங்கள். ஒருநாள் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். அன்றைக்கு நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகவாவது எங்களைச் சேர்த்து அழைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும் அண்ணா. இந்த இரண்டும்கூட.

உங்கள் தங்கை