போன மாசத்துக் கைதட்டு

ஜூலை 17, வெள்ளி

போன மாசம் ஜெபக் கூட்டத்தில நான் அவசரப்பட்டுச் சாட்சி சொல்லிட்டேன். மார்புல இருந்த கட்டியைப் பார்த்துட்டு தேயிலைத் தோட்டத்து டாக்டரய்யா, "ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க"ன்னாரு. டெஸ்ட் ரிப்போட் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும். நான் எழும்பி நின்னு, கர்த்தர் சுகம் குடுத்துட்டாருன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

இன்னைக்குக் காலையில ரிப்போட் கிடைச்சுது. கேன்சர்தான். நுவரெலியா ஆஸ்பத்திரியில இருந்து லிந்துலை வரைக்கும் பஸ்ஸில நின்னுக்கிட்டே வந்தேன். சீட் இருந்துச்சு, உக்காரத் தோணல.

சாயங்காலம் கூட்டத்துக்குப் போகாம இருந்திருக்கலாம். போகலைன்னா லயத்து வீட்டுக்கே தேடி வந்துருவாங்க. பாஸ்டரம்மா என்னைப் பார்த்ததும், "அக்கா, புதுசா ரெண்டு குடும்பம் வந்திருக்காங்க. உங்க சாட்சியை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னாங்க.

எழும்பினேன். பொய் சொல்ல வாய் வரல. உண்மையைச் சொல்லத் தெம்பில்ல. எங்க வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல. அவரு ஆம்பளைங்க பக்கம் உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்குள்ள அழுகை வந்துருச்சு. சந்தோஷத்துல அழுவுறேன்னு நினைச்சு, போன தடவையை விடப் பலமா தட்டினாங்க.

அவங்க தட்டினது போன மாசத்துக்கு. நான் ஸ்தோத்திரம் சொன்னது இன்னைக்கு வந்த ரிப்போட்டுக்கு. மனசாரத்தான் சொன்னேனான்னு தெரியல. போன மாசம் மனசாரத்தான் சொன்னேன். அப்ப அது லேசா இருந்துச்சு.

அத்தனை பேரும் தட்டும்போது இவரு மட்டும் தட்டல. இப்பவும் பக்கத்தில முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்காரு.