கால் எடுக்கச் சொல்லும் பாஷை

சனத்நகர், ஐதராபாத்.
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி இருதயராஜுக்கு, ரயில்வே ஒர்க்‌ஷாப் உலகநாதன் மனைவி கமலம் எழுதுவது. நீங்களும் அன்னம்மாளும் பெரம்பூரில் மகள் வீட்டில் சுகமாக இருப்பதாகக் கேள்வி. இங்கே சுகமில்லை.

மாசி பத்தாம் தேதி காலை பல் துலக்கும்போது அவர் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினான்கு நாள் ஆஸ்பத்திரி. உயிர் நின்றது, தமிழ் போய்விட்டது. வாயைத் திறந்தால் ஒர்க்‌ஷாப்பில் நீங்களெல்லாம் பேசுவீர்களே, அந்த ஹிந்திதான் வருகிறது. நான் பேசினால் யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

நாற்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அந்தப் பாஷையைப் படிக்கவில்லை. காய்காரனிடம் விரலைக் காட்டியே காலம் தள்ளிவிட்டேன்.

நடைப்பயிற்சிக்கு விஸ்வநாத் என்ற பையன் வாரம் மூன்று நாள் வருகிறான். அவருக்கு இடுப்பில் பெல்ட் கட்டி, வலப்பக்கம் நின்று, குதிகாலை முதலில் வை என்று அவன் ஹிந்தியில் சொன்னால் வராந்தா முழுக்க நடக்கிறார். தினம் மூன்று வேளை நடக்க வேண்டும், இப்போது விட்டால் கால் இறுகிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். பேத்தி ஹம்ஸினி காலை ஏழு மணிக்கு மாதாப்பூர் ஆபீசுக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருகிறாள். மற்றபடி நான்தான். காலை எடு என்பதற்கு அவள் எழுதிக் கொடுத்தபடி ‘பாவ் உடாவ்’ என்று நான் சொன்னால், நக்கோ நக்கோ, வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது ஒன்றுதான் எனக்குப் புரிகிறது.

போன புதன்கிழமை பாதி வராந்தாவில் நின்று ஏதோ சொன்னார். இரண்டு தரம் சொன்னார். அடம் பிடிக்கிறார் என்று பெல்ட்டை இழுத்தேன். விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். முட்டி மடங்குது, பிடி என்றுதான் சொன்னாராம். சாயங்காலம் ஹம்ஸினி கேட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து நான் தொட்டால் காலை எடுப்பதே இல்லை.

தினமும் ஒன்று கேட்கிறார்: “இருதய் கைக்கு நை ஆயா?” இருதய் ஏன் வரவில்லை என்று கேட்கிறாராம், ஹம்ஸினி சொன்னாள். ஏன் வரவில்லை என்று அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. தொண்ணூற்றொன்று, ஆவணி இரண்டாவது ஞாயிறு. சொல்லாமல் கொள்ளாமல் அவரைக் காஜிப்பேட்டைக்குப் பந்தாட்டம் பார்க்கக் கூட்டிப் போனீர்கள். என் அம்மா போய்விட்டாள் என்று வேலூரிலிருந்து தந்தி வந்தது. பிள்ளைகளோடு நான் அவருக்காகக் காத்திருந்தேன், வண்டி போய்விட்டது. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் நீங்கள் பச்சைக் கோடு போட்ட சட்டையோடு, ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே அவரோடு வந்து நின்றீர்கள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றேன். நீங்களும் மிதிக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஹம்ஸினி போனில் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றாள். வேண்டாம், விரட்டியது நான், நானே கேட்கிறேன் என்றேன்.

ஒரு பத்து நாள் வந்து இருங்கள். தூக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம், அதை நான் செய்கிறேன். முன்னால் நின்று உங்கள் ஒர்க்‌ஷாப் ஹிந்தியில் அவரைக் கூப்பிட்டால் போதும். மற்றவற்றை அவர் எழுந்து நடந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் வைத்திருக்கட்டும், தம்பி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
கமலம்