காலி என்று நம்பிய கட்டங்கள்

3.3.86, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தோட்டத்துக் கம்ப்யூட்டரின் கீழ் டிவிஷன் கணக்கு டிஸ்க்கில் பாதி ஆட்களின் பெயர்கள் போய்விட்டன. மிச்சத்தின் நடுவே மேல் டிவிஷன் ஆட்கள் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவை கிடக்கிறது. பழி சீதா மேல். டைப் அடிக்கிறவள் அவள்தானே! வரும் சனிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார் மேனேஜர் துரை.

போன வெள்ளிக்கிழமை என் மேசையிலிருந்து பார்த்தேன். துரையின் விருந்தாளிகளைக் கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில், கம்ப்யூட்டர் ஆபீசர் மைக்கல், வேலையை மூடாமலே மேல் டிவிஷன் டிஸ்க்கை உருவிவிட்டுக் கீழ் டிவிஷன் டிஸ்க்கைச் செருகினான். அப்புறம்தான் 'சேவ்' செய்தான்.

4.3.86

தூறல். முதுகுவலி. கோலாலம்பூர் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு நான் போயிருக்க வேண்டும். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி. போனது மைக்கல். அவன் கொண்டுவந்து போட்ட கையேட்டைப் படித்தது மட்டும் நான்.

5.3.86

கையேட்டில் இருக்கிறது. டிஸ்க் முழுவதும் சிறுசிறு கட்டங்கள். எது காலி, எது நிரம்பியது என்று அதன் தொடக்கத்தில் ஓர் அட்டவணை. மெஷின் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. வேலை நடுவில் டிஸ்க்கை மாற்றினால் அதற்கு எப்படித் தெரியும்? பழைய டிஸ்க்கில் காலியான கட்டம் புதியதிலும் காலி என்று நம்பி அதன்மேல் எழுதுகிறது. பழைய அட்டவணையையும் புதியதன் தலையில் ஏற்றிவிடுகிறது.

மேல் லயத்தில் ஏழாம் வீடு காலி என்று கேட்டுவிட்டு, கீழ் லயத்து ஏழாம் வீட்டில் புதுக் குடும்பத்தை இறக்குவது மாதிரி. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது!

6.3.86

மைக்கல் வெளியே போன நேரம், இரண்டு பழைய டிஸ்க்குகளில் செய்து பார்த்தேன். ஒன்றில் பூக்களின் பெயர்கள், மற்றதில் ஊர்ப் பெயர்கள். வேலையை மூடாமல் மாற்றினேன். ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் ரோஜா!

"ஐயா, அதே கந்தரகோளம்!" என்று சீதா சிரித்தாள். உடனே அழுதாள். "தொரைகிட்ட சொல்லுங்கய்யா. நான் மறுபடி கொழுந்துக் கூடை தூக்கணுமா?"

7.3.86

துரையிடம் சொல்லப் போனேன். அறையில் மைக்கலும் இருந்தான்.

"அங்கிள், கே.எல். கோர்ஸ் கோவம் இன்னும் போகலியா? ஒங்களுக்கு டைப்ரைட்டர்தான் ஓக்கே லா."

துரை சிரித்தார். "ராஜநாயகம், இந்தப் பொறாமை வேண்டாமய்யா."

ஒரு வாக்கியம்கூட முடிக்க விடவில்லை. பொறாமைதான். இல்லேன்னு யாரு சொன்னா? பொறாமைக்காரன் கண்ணால பார்த்தது பொய்யாயிடுமா?

8.3.86, சனி

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் டைப் அடித்தேன். நடந்தது, அதைச் செய்துபார்க்கும் முறை, எல்லாம். இரண்டு டிஸ்க் இருந்தால் யாரும் நம்பிவிடுவார்கள். கீழே என் பெயர். மைக்கலுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தது நான் என்று ஓர் இடத்திலாவது இருக்கட்டுமே.

வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்ததும் தலைமை அலுவலகத்தில் துரைக்குப் போன் போடுவார்கள். "பழைய கோபம்" என்பார் அவர். அத்தோடு போச்சு. இத்தனை வருடமும் கோபப்பட்டு நான் சம்பாதித்தது இதுதான்.

சீதா மேசையைத் துடைத்துவிட்டு, "வர்றேங்கய்யா" என்றாள். திங்கட்கிழமை வர மாட்டாள்.

கடைசித் தாளை மட்டும் மறுபடி அடித்தேன். பெயர் இருந்த தாள் அடுப்புக்கு. தோட்டத்துத் தபால் பை மைக்கல் கை வழியாகப் போகிறது, வேண்டாம். மத்தியான பஸ்ஸில் தானா ராத்தா டவுனுக்குப் போய் நானே தபாலில் போடுகிறேன், கையெழுத்தில்லாமல்.