கதவுக்குப் பின்னால் நின்றவர்கள்

அன்புள்ள பேயம்மாவுக்கு,

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, சர்க்கஸ் ஒட்டகம் தப்பித்துச் சந்தைக்குள் புகுந்தது, உங்கள் மகள் வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தது, நாம் பேய்ப் படம் எடுத்தது, எல்லாம் ஒரே வருஷம். போஸ்டரில் போட்டிருக்கும் வருஷத்தை நம்பாதீர்கள். வாங்க ஆளில்லாமல் படம் ஒரு வருஷம் பெட்டிக்குள் தூங்கியதே, அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சௌக்கியம். முட்டி மட்டும் பழைய கீல் மாதிரி சத்தம் போடுகிறது, எண்ணெய் தேய்த்தாலும் கேட்பதில்லை. உங்களுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கவும். போனில் என் பேச்சில் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை, மீதிப் பாதியைப் பேச நீங்கள் விடுவதில்லை. அதனால்தான் கடிதம். சொல்வது நான், எழுதுவது என் மருமகள். ஒரு சொல்லையும் அழகு பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்படி எழுதினால் அவங்களைத் திட்டுற இடமும் வந்துடுமே மாமா என்கிறாள். வரட்டும்.

நீங்கள் கொடுத்த வேலையை முடித்துவிட்டேன். நீ போய்ப் பாரு, நல்லா இருக்குன்னு நீ சொன்னா நான் ஊருக்கு வர்றேன், இல்லேன்னா அவ கூப்பிட்டதையே மறந்துடுறேன் என்று சொன்னீர்கள் அல்லவா? பெற்ற மகளோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்துவிட்டு, தீர்ப்புச் சொல்ல ஒரு தச்சனைப் பிடித்திருக்கிறீர்கள். நம்ம பேய் எப்படிப் பேயானாள் என்று உங்கள் மகள் ஒரு படம் எடுக்கக் கிளம்பினாள். நான் பேயாத்தானே வந்தேன், அதுக்கு முன்னாடி எனக்கு எதுக்குடி கதைன்னு நீங்கள் போனை வைத்தீர்கள். அன்றைக்கு வைத்ததுதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு நானும் மருமகளும் போனோம். டிக்கெட்டை வாண்டுவே வீட்டுக்கு வந்து கொடுத்தாள். ஊர் உலகத்துக்கு அவள் டைரக்டர், தலையில் பாதி நரை. எனக்கு வாண்டுதான். காப்பியைக் குடித்துவிட்டுப் படி இறங்கும்போது திரும்பி நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். படம் நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க என்று கேட்கவில்லை. கதவு மாமா, அம்மாவுக்குப் பிடிக்குமா என்று கேட்டாள்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். நம்ம படம் மாதிரி இருக்கிறதா? இல்லை. பயத்தில் கால்வாசிகூட இல்லை. நம்ம படத்தில் நீங்கள் வருவதே மூன்று தடவைதான். இதில் பேய் பதினோரு தடவை வருகிறது, விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய சத்தம். பேய் என்ன பஸ்ஸா, ஹாரன் அடித்துக்கொண்டு வருவதற்கு? நீங்கள் வந்தபோது மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. வந்த பிறகல்லவா ஜனங்கள் அலறினார்கள்.

வீடும் வீடு மாதிரி இல்லை. பாதிச் சுவரைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டார்கள் போல. மாடிப்படியில் ஆள் ஓடுகிறது, ஒரு பலகைகூட முனகவில்லை. நம்ம படியில் ஏழாவது பலகையை வேண்டுமென்றே தளர்த்தி வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் மருமகள் பாதிப் படத்தை என் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். பக்கத்து சீட்டுப் பையன் கையிலிருந்த சோளப்பொரி மொத்தமும் என் மடியில். அப்படியெல்லாம் இல்லை, கண் உறுத்தியதால் மூடினேன் என்று எழுதணும் என்கிறாள் மருமகள். எழுதிவிட்டாள், பாருங்கள்.

இடைவேளையில் உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்துவிட்டேன். வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரெண்டே வரி. அதற்குப் பிறகுதான் கதவு வந்தது.

நம்ம கதவுதான். மாடி அறைக் கதவு. அந்தச் சமாசாரம் முழுதாக உங்களுக்கே தெரியாது, கேளுங்கள்.

நம்ம பழைய டைரக்டர் கொடுத்த வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கோட்டைப் பார்த்து ஒரு அரண்மனையே கட்டிவிடுவேன், எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது மாதிரி. கேட்கக் கூச்சம். நானே ஒரு குத்துமதிப்பில் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டேன். முதல் வாரம் கீழ்க் கூடத்தில்தான் படம் பிடித்தார்கள், மாடிக்கு யாரும் வரவில்லை. வாண்டு மட்டும் வந்தாள். ஆறு வயசு, ரெண்டு பல் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மாமா, இதுல உள்பக்கம்னு போட்டிருக்கே என்றாள். கழற்றி மாட்ட எழுந்தேன். அவள் கதவை வெளியே இழுத்துத் திறந்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டு, இப்படியே இருக்கட்டும் மாமா, ஒளிய நல்லா இருக்கு என்றாள்.

அப்புறம் தினமும் மத்தியானம் அதே விளையாட்டு. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அம்மா வந்து கண்டுபிடிக்கணும், நீங்க சொல்லக் கூடாது என்பாள். உங்கள் முகத்தில் பசை காய மூன்று மணி நேரம், வாயைத் திறந்தால் விரிசல் விழும், நாற்காலியை விட்டு எழுந்தால் மேக்கப்காரர் குதிப்பார். நீங்கள் எங்கே வருவது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான்தான் போய்க் கண்டுபிடிப்பேன். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். பெரிய சிரிப்பு இல்லை அது.

புதுப் படத்தில் பேயாகப் போகிற சின்னப் பெண்ணுக்கு ஒரு அப்பா. தச்சன். காதில் பென்சில், சுருதி சேராமல் ஒரு முனகல் பாட்டு. மருமகள் என்னை இடித்து, மாமா, இது நீங்கதான் என்றாள். நான் எப்ப இவ்வளவு கேவலமாப் பாடினேன் என்றேன். இன்னிக்குக் காலையில என்றாள். அந்த அப்பா மகளுடைய அறைக்குக் கதவு மாட்டுகிறான், தப்பாக மாட்டிவிடுகிறான். கழற்றப் போகும்போது அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் போய் நின்று, இப்படியே இருக்கட்டும்பா, ஒளிய நல்லா இருக்கு என்கிறாள்.

பேயம்மா, நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமாக அந்தக் கதவை டைரக்டரின் மூளை என்று பத்திரிகையில் எழுதினார்கள், எழுதட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆறு வயசு வாண்டு, அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. என் தப்பைத் திருத்தவும் இல்லை. அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

அந்தப் பெண் எப்படிச் செத்தாள் என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்க்க வேண்டும். படம் முடிகிற இடம் மட்டும் சொல்கிறேன். வீடு காலி. கதவு திறந்திருக்கிறது. கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லை, பாட்டு இல்லை. கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று நமக்குத் தெரியும். அவளைத் தேடி யாருமே வரவில்லை.

மறுநாள் காலையில் டிவியில் நம்ம படத்தைப் போடச் சொன்னேன். நூறு தடவை பார்த்த படம். நம்ம கதாநாயகி அலறல் மாடிக்கு வருகிறாள், கதவை இழுத்துத் திறக்கிறாள், அறைக்குள் யாரும் இல்லை. கதவைச் சாத்துகிறாள், திறந்த கதவு மறைத்திருந்த இடத்தில் நீங்கள். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிடும். இந்தத் தடவை, அட, உன்னைக் கண்டுபிடிச்சாச்சும்மா என்று சொல்லத் தோன்றியது. மருமகளும் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தாள். புதுப் படம் நம்ம படத்துக்குச் சமம் இல்லை. ஆனால் நம்ம படம் போன வாரம் இருந்ததைவிட இப்போது பெரிய படம். இதுதான் என் தீர்ப்பு.

இன்னும் ஒன்று. நம்ம படத்தில் அந்தக் காட்சி எப்படிக் கிடைத்தது என்பதை ஊரே சொல்லிச் சிரிக்கும். ஒத்திகை நடக்கும்போது பேய் கதவுக்குப் பின்னால் மறைந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததாம், அலறல் கதவைச் சாத்திவிட்டு நிஜமாகவே அலறினாளாம், டைரக்டர் கதவை யாரும் தொடாதீங்கடா என்று கத்தினாராம், எனக்குக் கதவு என்று பேர் வந்ததாம். எல்லாம் சரி, பிஸ்கட் மட்டும் சரி இல்லை. பசை பூசிய வாயால் யார் பிஸ்கட் தின்பது? அன்றைக்கு நீங்கள் மேக்கப்காரரை ஏமாற்றிவிட்டு மாடிக்கு வந்து, உதடு அசையாமல், அவ எங்கே என்று என்னைக் கேட்டீர்கள். நான் கதவைக் காட்டினேன், நீங்கள் அதற்குப் பின்னால் புகுந்தீர்கள். பிஸ்கட் அவளுக்கு. அவளோ அன்றைக்குப் பார்த்து என் கொட்டகையில் மரச்சீவல் மேலே படுத்துத் தூங்கிவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த இடம் பேய்க்கு ஆகிவிட்டது, விளையாட்டு நின்றுபோனது.

நீங்கள் தேடி வந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன், அது நான் சொல்கிற விஷயம் இல்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இரண்டு படத்தையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போடுகிறார்கள். வாண்டுவுக்குப் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லையாம். நல்லா இருக்குன்னு நீ சொன்னா வர்றேன் என்று சொன்னீர்கள். நல்லா இருக்கு. கிளம்பி வாருங்கள். வரும்போது ஒரு பொட்டலம் பிஸ்கட் மறக்க வேண்டாம். நீங்கள் நூறு வயசு நன்றாக இருந்து இன்னும் பலபேரைப் பயமுறுத்த வேண்டும்.

அந்தக் கதவைத் தொட்டவர்களில் டைரக்டர் போய்விட்டார். கேமராக்காரர் போய்விட்டார். மேக்கப்காரர் போனார், போன மழைக்காலத்தில் அலறலும் போய்விட்டாள். மிச்சம் நீங்கள், உங்கள் அன்புள்ள கதவாகிய நான், அப்புறம் இன்னும் அதற்குப் பின்னாலேயே நிற்கிற வாண்டு.