ஒரு குவாட்டர்பேக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்

பவா,

புட்டு மூடி வைச்சிருக்கிறன், சம்பல் ஃபிரிட்ஜில. நீர் இரவு வேலை முடிஞ்சு வரேக்க நான் வேலைக்கு இன்டர்லாக்கன் ரயிலில இருப்பன். இந்தக் கிழமையும் உம்மட தலையணையைத்தான் கண்டன்.

அமெரிக்கன் ஃபுட்போலில டீமுகள் முறைவைச்சுப் புது ஆக்களைத் தெரிவு செய்யிற டிராஃப்டில, பந்தெறியிற அந்தக் குவாட்டர்பேக் பொடியனுக்காக எங்கட டீம் வாற மூண்டு வருசத்து முதல் தெரிவையும் குடுக்கலாம் எண்டு நீர் சொல்ல, உமக்கென்ன விசரோ எண்டு கேட்டுப்போட்டன். அதுக்குப் பிறகு மெசேஜிலயும் கதை இல்லை.

நேற்று ஹோட்டல் கிச்சனில ஜதுஷனிட்டை என்ர மூண்டு ஞாயிறு லீவையும் குடுத்து, அவன்ர ஒரு வியாழனை வாங்கினன். உமக்கு அண்டைக்கு லீவெல்லோ. "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ" எண்டு கேட்டான்.

சாயிசன்

கீழ்வீட்டு மனுசி உடுப்புத் தோய்க்கிற அறைத் திறப்புக் கேட்டு வருவா. கதவில தொங்குது.

எங்கட டீம் அந்தப் பொடியனை எடுக்கட்டும்.