நான் நீட்டிய சிகரெட்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் மழுப்பிவிடுவேன் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. கைத்தடி வேண்டாம் என்று அடம்பிடித்து வாசல் கேட் வரை நடக்கிறார். உன் அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைகிறாள். எனக்கு ஒர்க்‌ஷாப்பில் பஸ் கூண்டு வெல்டிங் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

முந்தாநாள் உன் மனைவி பேசினாள். நீ மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயாம். சாப்பாட்டுப் பையில் தீப்பெட்டி இருந்ததாம். பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலே எழுந்து போய்விடுகிறாயாம். யார் பழையபடி பழக்கிவிட்டது என்று எத்தனை தடவை கேட்டும் நீ வாயைத் திறக்கவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

நீ விட்டிருந்த அந்தப் பதினான்கு மாதமும் எனக்கு வயிறு எரிந்ததடா. இரண்டு பேரும் ஒரே நாளில்தானே நிறுத்தினோம்? நான் நாலாம் நாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பற்ற வைத்தேன். அதன்பிறகு ஐந்து தடவை விட்டுப் பார்த்தேன். கை நடுங்கி வெல்டிங் கோணலாகப் போனதும், சூயிங்கம் மென்று தாடை வலித்ததும்தான் மிச்சம். உன் அண்ணியோ, "உங்க தம்பியும் மனுஷன்தானே, அவரால முடியுதே" என்பாள். நீ மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே வயிற்றில் பிறந்தும் இவனுக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று உள்ளுக்குள் குமைந்தேன்.

அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று, ஆஸ்பத்திரிப் பின்வாசலில் விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாய். நான் பாக்கெட்டை நீட்டினேன். "ஒண்ணே ஒண்ணுடா. அப்பா வெளிய வர்ற வரைக்கும்தான்" என்றேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். நான் கையை இறக்கவில்லை. நீ எடுத்தாய். தீக்குச்சியையும் நானே உரசினேன்.

உன் பதற்றத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கொடுத்தேன் என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். முதல் இழுப்பில் நீ கண்ணை மூடியபோது, அப்பாடா, இவனும் என்னைப் போலத்தான் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. தம்பி விழுந்ததைப் பார்த்து நிம்மதிப்பட்ட அண்ணன் நான்.

இன்று காலை உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "அவர் தன்னைத்தானே கேவலமாப் பேசிக்கிறார் மாமா. இதை அவர்கிட்டயே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால் கேட்கிறேன். உன்னை நீ திட்டிக்கொள்ளாதே. அது எந்த நேரத்தில் எப்படிப் பிடித்து இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவ்வளவு நாள் அதை எதிர்த்து நின்றவனைக் கோழை என்று யார் சொல்வது? கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் போ. அவர்கள் தேடுவது உன்னைத்தான்.

நான் விட்டுவிட்டேன் என்று புளுக மாட்டேன். இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை வெளியே போய் வந்தேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீயும் அங்கே யாரையாவது பார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மறுபடியும் நீ என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும் தம்பி. அப்படி நன்றாக இரு.

உன் அண்ணன்